ஊரைவிட்டுப் போனால் வழக்கும் விட்டுப் போகுமா?

"கொஞ்ச நாளைக்கு வெளியூரில் இருந்துவிட்டு வா. சூடு ஆறட்டும்."

நம் மஹல்லாக்களில் ஓர் இளைஞன்மீது காவல் நிலையத்தில் புகார் கொடுக்கப்பட்டிருக்கிறது என்ற செய்தி வந்தவுடன், அவன் காதில் முதலில் விழும் ஆலோசனை பெரும்பாலும் இதுவாகத்தான் இருக்கும். பெரியவாப்பா சொல்வார், மாமா சொல்வார், தெருமுனைத் தேநீர்க் கடையில் அமர்ந்திருக்கும் நண்பர்களும் சொல்வார்கள். வழக்கறிஞரைப் போய்ப் பார்க்கலாம் என்று சொல்பவர் மூன்றாம் நாளோ நான்காம் நாளோதான் வந்து சேருவார். அதற்குள் பையன் பாலக்காட்டுக்கோ பெங்களூருக்கோ பேருந்து ஏறியிருப்பான். கையில் விசா இருந்தால் கேட்கவே வேண்டாம். விடுமுறை முடியும் முன்னரே விமானச் சீட்டின் தேதி மாற்றப்பட்டிருக்கும்.

இந்த ஆலோசனை பாசத்தில் பிறப்பது. சொல்பவர்களைக் குறைகூற எனக்கு மனமில்லை. ஆயினும் அதனால் விளைவது என்ன என்பதை நம் குடும்பங்கள் முன்கூட்டியே தெரிந்து வைத்திருக்க வேண்டும். விசாரணையோடு முடிந்து போயிருக்கக்கூடிய ஒரு வழக்கு, ஆள் இல்லை என்ற ஒரே காரணத்தால் வீட்டுச் சுவரில் நோட்டீஸ் ஒட்டப்படும் அளவுக்கு வளர்ந்துவிடக்கூடும்.

மதரஸாவில் பாடம் நடத்துபவருக்குச் சட்டத்தோடு என்ன வேலை என்று சிலர் கேட்கலாம். நான் வழக்கறிஞன் அல்லன். ஆனால் கல்லூரியில் படித்து வந்தவர், ஆங்கிலம் வாசிப்பார் என்பதற்காகக் காவல் நிலையத்திலிருந்தும் நீதிமன்றத்திலிருந்தும் வருகின்ற காகிதங்கள் முதலில் என்னிடம்தான் கொண்டுவரப்படுகின்றன. அவற்றைப் பெரும்பாலும் கொண்டுவருபவர்கள் தாய்மார்கள். சம்பந்தப்பட்ட பையன் ஊரில் இருப்பதில்லை.

வெளியூர் போவதே குற்றமா?

இல்லை. இதை முதலிலேயே தெளிவுபடுத்திவிடுவது நல்லது. இந்தியா முழுவதும் தடையின்றிச் சென்றுவரும் உரிமையை அரசியல் சாசனத்தின் 19ஆவது பிரிவு குடிமக்கள் அனைவருக்கும் வழங்கியிருக்கிறது. வெளிநாடு செல்லும் உரிமையும் 21ஆவது பிரிவு காக்கும் தனிமனித சுதந்திரத்தில் அடங்கும் என்பதை, மேனகா காந்தியின் பாஸ்போர்ட் பறிமுதல் செய்யப்பட்டதைத் தொடர்ந்து எழுந்த வழக்கில் 1978ஆம் ஆண்டு உச்சநீதிமன்றம் உறுதிசெய்தது. ஒருவர்மீது புகார் இருக்கிறது, ஏன், முதல் தகவல் அறிக்கையே பதிவாகியிருக்கிறது என்பதனால் மட்டும் அவர் மாநிலத்தைவிட்டு வெளியேறக்கூடாது என்று எந்தச் சட்டமும் சொல்லவில்லை. பிழைப்புக்காக மும்பையில் கடை வைத்திருப்பவர் ஊரில் வழக்கு என்பதற்காகக் கடையை மூடிவிட்டு வந்து உட்கார்ந்திருக்க வேண்டியதில்லை.

அப்படியானால் ஆபத்து எங்கே தொடங்குகிறது? அழைப்பு வந்த பின்னும் வராமலிருப்பதில் தொடங்குகிறது. "தலைமறைவு" என்ற சொல்லுக்கு உச்சநீதிமன்றம் பல ஆண்டுகளுக்கு முன்பே ஒரு விளக்கம் தந்திருக்கிறது. சட்ட நடவடிக்கையிலிருந்து தப்பும் நோக்கத்துடன் ஒளிந்துகொள்பவர் தம் சொந்த வீட்டுக்குள்ளேயே இருந்தாலும் அவர் தலைமறைவானவர்தான் என்பது அந்த விளக்கம். இதை மறுபுறமாகவும் எண்ணிப் பாருங்கள். முகவரியும் தொலைபேசி எண்ணும் கொடுத்துவிட்டு, அழைத்தபோது வருகிறேன் என்று எழுதியும் கொடுத்துவிட்டு ஆயிரம் மைல் தொலைவில் வேலை பார்ப்பவரைத் தலைமறைவானவர் என்று சொல்லிவிட முடியாது. நீங்கள் எந்த ஊரில் இருக்கிறீர்கள் என்பதைவிட, அழைத்தால் கிடைப்பீர்களா என்பதையே சட்டம் பார்க்கிறது.

வாளையாற்றைத் தாண்டினால்...

வாளையாறு சோதனைச் சாவடியைத் தாண்டிவிட்டால் தமிழ்நாட்டுப் போலீசின் கை எட்டாது என்ற நம்பிக்கை நம்மிடையே இன்றும் இருக்கிறது. திரைப்படங்கள் வளர்த்த நம்பிக்கை அது என்றே எண்ணுகிறேன். உண்மை வேறு. பழைய குற்றவியல் நடைமுறைச் சட்டத்துக்குப் பதிலாக 2024 ஜூலை 1 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 45ஆவது பிரிவின்படி, பிடியாணை இன்றிக் கைது செய்யும் அதிகாரமுள்ள காவல் அதிகாரி, அந்த நபரைத் தொடர்ந்து இந்தியாவின் எந்த இடத்துக்கும் செல்லலாம். நீதிமன்றம் பிறப்பித்த பிடியாணையோ இந்தியாவின் எந்த மூலையிலும் செல்லும். பழைய சட்டத்திலும் இவ்வாறே இருந்தது. புதிதாக வந்ததல்ல.

மாறாக, வேறு மாநிலத்தில் கைதாவதில் துன்பங்கள்தாம் அதிகம். மொழி தெரியாத ஊரில், அறிமுகமான வழக்கறிஞர் ஒருவர்கூட இல்லாத இடத்தில், பெரும்பாலும் இரவு நேரத்தில் பிடிபட நேரும். பயணத்துக்கு ஆகும் நேரம் நீங்கலாக 24 மணி நேரத்துக்குள் நீதித்துறை நடுவர் முன் நிறுத்த வேண்டும் என்ற பாதுகாப்பு அங்கும் உண்டு. நெடுந்தொலைவு கொண்டுசெல்ல வேண்டியிருந்தால், காவலர்கள் அங்குள்ள நடுவரிடம் நிறுத்தி, அழைத்துச் செல்ல அனுமதி பெறுவார்கள். இவையெல்லாம் நடந்து முடிந்து சொந்த மாவட்டத்து நீதிமன்றத்தில் நிற்கும்போது, "இவர் தப்பி ஓடியவர், வெளிமாநிலத்தில் பிடித்து வந்தோம்" என்று அரசு வழக்கறிஞர் சொல்லும் ஒரு வாக்கியம் ஜாமீன் மனுவின்மீது பாறாங்கல்லாக விழும். ஜாமீன் கொடுக்கலாமா என்று நீதிபதி ஆராயும்போது அவர் மனத்தில் எழும் முக்கியமான கேள்விகளுள் ஒன்று, வெளியே விட்டால் இவர் திரும்பி வருவாரா என்பதே. அந்தக் கேள்விக்கு நாமே விடை எழுதிக் கொடுத்துவிட்டோம்.

ஓடியதே குற்றத்துக்குச் சாட்சி ஆகிவிடுமா என்று கேட்கிறார்கள். சம்பவத்துக்குப் பின் ஒருவர் நடந்துகொண்ட விதத்தைச் சாட்சியச் சட்டம் கவனத்தில் கொள்கிறது. தலைமறைவானதும் அதில் ஒன்று. எனினும் அது மட்டுமே குற்றத்தை நிரூபித்துவிடாது. குற்றமற்றவர்கூடப் பீதியில் ஓடக்கூடும் என்று 1971இல் உச்சநீதிமன்றம் ஒரு கொலை வழக்கில் குறிப்பிட்டிருக்கிறது. இது ஆறுதலான செய்திதான். ஆனால் அந்த ஆறுதல் விசாரணையெல்லாம் முடிந்து தீர்ப்பு வரும் நாளில் கிடைப்பது.

ஒரு காகிதம் வருகிறது

ஏழு ஆண்டு வரை சிறைத்தண்டனை விதிக்கத்தக்க குற்றங்களில் உடனே கைது செய்துவிடக் கூடாது. கைது ஏன் தேவை என்பதைக் காவல் அதிகாரி எழுத்தில் பதிய வேண்டும் என்று உச்சநீதிமன்றம் 2014 ஜூலை 2 அன்று ஒரு வரதட்சணைக் கொடுமை வழக்கில் கண்டிப்பாகக் கூறியது. கைது தேவைப்படாத நிலையில், விசாரணைக்கு வரும்படி ஓர் அறிவிப்பு அனுப்பப்பட வேண்டும். பழைய சட்டத்தில் அது 41-ஏ நோட்டீஸ். இன்று அது 35ஆவது பிரிவின் 3ஆவது உட்பிரிவின் கீழ் வரும் நோட்டீஸ்.

கணவன்–மனைவி தகராறுகள், பங்காளிச் சண்டைகள், அடிதடி, பணம் கொடுக்கல் வாங்கலில் எழும் மோசடிப் புகார்கள் என நம் இல்லங்களை எட்டிப்பார்க்கும் வழக்குகளில் பெரும்பாலானவை இந்த ஏழாண்டு வரம்புக்குள்ளேயே அடங்கும். ஆகவே இந்த நோட்டீஸ் எத்தகையது என்பதை நம் பெண்கள் அறிந்திருக்க வேண்டும். அதைக் கண்டு அஞ்சி ஒளித்து வைப்பதும், "அவர் ஊரில் இல்லை" என்று சொல்லித் திருப்பி அனுப்புவதும் வழக்கமாகிவிட்டது. உண்மையில் அது ஒரு கேடயம். நோட்டீசை மதித்துத் தொடர்ந்து ஆஜராகி வருபவரை, காரணத்தை எழுத்தில் பதியாமல் கைது செய்யக்கூடாது என்று அதே பிரிவு சொல்கிறது. வராமல் போனாலோ, அந்தப் பிரிவே கைதுக்கும் வழி திறந்துவிடுகிறது. கேடயமாக வந்த காகிதம், அலமாரியில் துணிகளுக்கு அடியில் கிடந்து வாளாக மாறிவிடுகிறது.

இங்கே ஒரு செய்தி. இத்தகைய நோட்டீசை வாட்ஸ்அப்பில் அனுப்பினால் போதாது. சட்டம் வகுத்துள்ள முறைப்படியே கொடுக்க வேண்டும் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் உத்தரவிட்டது. அதற்காக வாட்ஸ்அப்பில் வந்ததைப் பார்க்காதவர்போல் இருந்துவிட வேண்டாம். வழக்கறிஞரிடம் காட்டுங்கள், பதில் எழுதுவது அவர் பொறுப்பு.

இன்னொன்றையும் பிரித்தறிய வேண்டும். வீடியோ அழைப்பில் காக்கிச் சட்டையோடு தோன்றி, "உங்கள்மீது மும்பையில் வழக்கு இருக்கிறது, வீட்டைவிட்டு நகரக்கூடாது, நீங்கள் டிஜிட்டல் கைதில் இருக்கிறீர்கள்" என்று மிரட்டிப் பணம் பறிக்கும் கூட்டம் ஒன்று உண்டு. அப்படி ஒரு கைது இந்தியச் சட்டத்தில் எங்குமே இல்லை. தொடர்பைத் துண்டித்துவிட்டு 1930 என்ற எண்ணுக்குத் தெரிவியுங்கள்.

வீட்டுக் கதவில் ஒட்டப்படும் பிரகடனம்

நோட்டீசுக்கும் வரவில்லை, தேடியும் கிடைக்கவில்லை என்றால் அடுத்து நடப்பது என்ன?

ஜாமீனில் விட முடியாத குற்றம் சாட்டப்பட்டவர் கைதாகாமல் நழுவி வந்தால், புலன் விசாரணை நடந்துகொண்டிருக்கும்போதே நீதித்துறை நடுவர் பிடியாணை பிறப்பிக்கலாம் என்பதை 1997இல் உச்சநீதிமன்றம் தெளிவுபடுத்தியது. அந்தப் பிடியாணையையும் நிறைவேற்ற முடியாதபடி அவர் ஒளிந்திருக்கிறார் என்று நீதிமன்றம் கருதினால் 84ஆவது பிரிவின்படி பிரகடனம் வெளியாகும். குறைந்தது 30 நாள் அவகாசம் கொடுத்து, இன்ன நாளில் இன்ன இடத்தில் ஆஜராக வேண்டும் என்று அதில் எழுதியிருக்கும். அதை அவர் வசிக்கும் ஊரில் பலரும் காணும் இடத்தில் உரக்கப் படிக்க வேண்டும். வீட்டின் கண்ணில் படும் பகுதியில் ஒட்ட வேண்டும். நீதிமன்றத்திலும் ஒரு பிரதி ஒட்டப்படும். நாளிதழில் வெளியிடவும் உத்தரவிடலாம்.

வீட்டில் மணமுடிக்க வேண்டிய பெண் இருக்கிறாள் என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தச் சுவரொட்டியின் பொருளை நான் விளக்க வேண்டியதில்லை.

பிரகடனத்தில் குறித்த நாளில் ஆஜராகாமல் இருப்பதே தனிக் குற்றம். பாரதிய நியாய சன்ஹிதாவின் 209ஆவது பிரிவின்படி அதற்கு மூன்று ஆண்டு வரை சிறை விதிக்கலாம். பத்தாண்டு அல்லது அதற்கு மேற்பட்ட தண்டனைக்குரிய வழக்கில் "பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி" என்று நீதிமன்றம் அறிவித்துவிட்டால், ஏழு ஆண்டு வரை போகலாம். மூல வழக்கு ஒருபுறம் இருக்க, இது தன்னந்தனியாக நிற்கவல்ல குற்றம் என்று 2025 ஜனவரியில் உச்சநீதிமன்றம் கூறியிருக்கிறது. செய்யாத குற்றத்துக்கு அஞ்சி ஓடி, ஓடியதையே செய்த குற்றமாக ஆக்கிக்கொள்வது என்றால் இதுதான். மேலும், பிரகடனம் வெளியானபின் முன்ஜாமீன் கிடைப்பது மிகமிக அரிது. தலைமறைவானவராக அறிவிக்கப்பட்டவருக்கு அந்தச் சலுகை உரியதன்று என்று 2012, 2013ஆம் ஆண்டுத் தீர்ப்புகளில் உச்சநீதிமன்றம் சொல்லியிருக்கிறது.

பிரகடனத்தைத் தொடர்ந்து சொத்தை ஜப்தி செய்யவும் 85ஆவது பிரிவு அதிகாரம் தருகிறது. சொத்தை விற்கவோ அப்புறப்படுத்தவோ முயல்வதாகத் தெரிந்தால் பிரகடனத்தோடு சேர்த்தே ஜப்திக்கும் உத்தரவிடலாம். "வழக்கு வருமுன் நிலத்தைக் கைமாற்றிவிடுவோம்" என்று அவசரப்படுகிறவர்கள் இதைக் கவனிக்க வேண்டும்.

இதில் நம் குடும்பங்களுக்கே உரிய ஒரு சிக்கல் இருக்கிறது. வாப்பா மௌத்தாகிப் பல ஆண்டுகள் ஆகியிருக்கும். வீடு இன்னும் பாகம் பிரிக்கப்பட்டிருக்காது. ஷரீஅத் முறைப்படி உம்மாவுக்கு எட்டில் ஒரு பங்கு; ஆண் மகனின் பங்கில் பாதி ஒவ்வொரு சகோதரிக்கும். ஆனால் வீட்டு வரி ரசீதில் மூத்த மகன் பெயர் மட்டும் இருக்கும். அந்த மகன்மீது வழக்கு வந்து அவன் மறைந்துவிட்டால், ஜப்திக்கு வருகிற அதிகாரியின் கண்ணில் அது அவன் வீடு. உம்மாவும் சகோதரிகளும் தங்கள் பங்கை எடுத்துச் சொல்லி மனுச் செய்ய உரிமை உண்டு. ஜப்தி செய்த நாளிலிருந்து ஆறு மாதத்துக்குள் செய்ய வேண்டும். அந்த ஆறு மாதம் அழுகையிலும் ஜோசனையிலும் கழிந்துவிடக்கூடாது. தலைமறைவானவரே இரண்டு ஆண்டுக்குள் வந்து, தாம் ஒளிந்திருக்கவில்லை, பிரகடனம் தமக்குத் தெரியவே இல்லை என்று நிரூபித்தால் சொத்தையோ விற்ற பணத்தையோ திரும்பப் பெற வழி உண்டு. பாகப்பிரிவினையை ஒத்திப்போடுவதால் வரும் கேடுகளைப் பற்றித் தனியாகவே ஒரு கட்டுரை எழுதலாம். இங்கே வேண்டாம்.

ஒளிய இடம் கொடுத்தவர் கதி

ஓடிவந்தவனுக்குச் சோறு போட்ட மாமி குற்றவாளியா? சட்டம் "அடைக்கலம்" என்று சொல்லும்போது தங்க இடம் மட்டுமன்றி உணவு, உடை, பணம், வாகன வசதி ஆகியவற்றையும் சேர்த்தே சொல்கிறது. குற்றம் செய்தவன் என்று தெரிந்திருந்தும், அல்லது அப்படி நம்பக் காரணம் இருந்தும், தண்டனையிலிருந்து தப்புவிக்கும் நோக்கத்தோடு செய்திருந்தால் பாரதிய நியாய சன்ஹிதாவின் 249ஆவது பிரிவு பொருந்தும். மூல வழக்கு மரண தண்டனைக்கு உரியது என்றால் அடைக்கலம் கொடுத்தவருக்கு ஐந்து ஆண்டு வரை. ஆயுள் அல்லது பத்தாண்டுத் தண்டனைக்கு உரியது என்றால் மூன்று ஆண்டு வரை. கணவனுக்கு மனைவியோ, மனைவிக்குக் கணவனோ அடைக்கலம் கொடுத்தால் இந்தப் பிரிவு பொருந்தாது என்று விதிவிலக்கு இருக்கிறது. தாய்க்கும் தந்தைக்கும் அந்த விலக்கு இல்லை என்பதை அறிந்தபோது நான் சற்று அதிர்ந்துதான் போனேன்.

ஆனால் ஒன்று. மகன் கிடைக்கவில்லை என்பதற்காக வாப்பாவையோ தம்பியையோ பிடித்து வைத்துக்கொள்ள எந்தச் சட்டமும் அனுமதிக்கவில்லை. அது வெளிப்படையான அத்துமீறல். பெண்களையும், 15 வயதுக்குக் குறைந்த பிள்ளைகளையும், 60 வயதைக் கடந்தவர்களையும், கடும் நோயாளிகளையும் சாட்சியாக விசாரிக்க வேண்டுமானால் அவர்கள் இருக்கும் இடத்துக்கு வந்துதான் விசாரிக்க வேண்டும். காவல் நிலையத்துக்கு வரும்படி வற்புறுத்தக் கூடாது என்கிறது 179ஆவது பிரிவு. இதைச் சொல்லக் கத்த வேண்டியதில்லை. பிரிவின் எண்ணைப் பணிவாகச் சொல்லுங்கள். மீறி அழைத்துச் சென்றுவிட்டால் வழக்கறிஞர் மூலம் உயர்நீதிமன்றத்தில் ஆட்கொணர்வு மனு போடலாம்.

கடல் கடந்தவர்கள்

சபுராளிகளின் பாடு தனி. வளைகுடாவில் இருந்தால் பிரச்சினை இல்லை என்பது பழைய எண்ணம். ஐக்கிய அரபு அமீரகத்துடன் 1999இலும் சவூதி அரேபியாவுடன் 2010இலும் இந்தியா நாடுகடத்தல் ஒப்பந்தங்களில் கையெழுத்திட்டிருக்கிறது. எல்லா வழக்குக்கும் அது பயன்படுத்தப்படுவதில்லை என்பது மெய். சாதாரண வழக்குகளில் வலை விரிக்கப்படும் இடம் நம் விமான நிலையமே.

லுக் அவுட் சுற்றறிக்கை என்று ஒன்று உண்டு. கைதிலிருந்து வேண்டுமென்றே தப்பி வருபவர், பிடியாணைக்குப் பின்னும் நீதிமன்றம் வராதவர், விசாரணைக்கு அஞ்சி நாட்டைவிட்டுப் போய்விடக்கூடியவர் ஆகியோரைப் பற்றிக் காவல்துறை உயர் அதிகாரிகள் குடியேற்றத் துறைக்கு அனுப்புவது. 1979 முதலே இதற்கு உள்துறை அமைச்சகத்தின் வழிமுறைகள் உள்ளன. 2010இல் அவை விரிவாக வகுக்கப்பட்டன; 2021இல் மீண்டும் திருத்தப்பட்டன. 2021க்குப் பின், அனுப்பிய அதிகாரியே நீக்கச் சொல்லும் வரை அது கணினியில் இருந்துகொண்டே இருக்கும். நடைமுறையில் சம்பந்தப்பட்டவருக்கு முன்கூட்டித் தெரிவிக்கப்படுவதில்லை. தங்கையின் நிக்காஹுக்கு வந்து இறங்கியவர், உம்ராக் குழுவோடு இஹ்ராம் துணியைப் பையில் வைத்துக்கொண்டு வரிசையில் நின்றவர் என அந்தக் கண்ணாடிக் கூண்டின் முன்னால்தான் பலரும் தெரிந்துகொள்கிறார்கள். அதை நீக்க வழி? புலன் விசாரணைக்கு ஆஜராவது, அல்லது நீதிமன்றத்தை நாடுவது.

பாஸ்போர்ட் பற்றி நிறைய வதந்தி இருப்பதால் சுருக்கமாகச் சொல்லிவிடுகிறேன். போலீசார் பாஸ்போர்ட்டைக் கைப்பற்றலாம். ஆனால் முடக்கி வைக்கும் அதிகாரம் பாஸ்போர்ட் அதிகாரிக்கே உண்டு என்று 2008இல் உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. முதல் தகவல் அறிக்கை மட்டும் இருந்தால் அது "நிலுவையில் உள்ள வழக்கு" ஆகாது. குற்றப்பத்திரிகை தாக்கலாகி நீதிமன்றம் அதைக் கோப்பில் எடுத்த பின்னரே ஆகும் என்று 2019இல் வெளியுறவு அமைச்சகமே விளக்கியிருக்கிறது. அதன் பின்னரும் கதவு அடைபடவில்லை. 1993 ஆகஸ்டில் வெளியான அரசு அறிவிக்கையின்படி, வழக்கு நடக்கும் நீதிமன்றத்தில் அனுமதி பெற்றுவந்தால் பாஸ்போர்ட் கிடைக்கும். எவ்வளவு காலத்துக்கு என்று நீதிமன்றம் குறிப்பிடாவிட்டால் ஓராண்டுக்கு மட்டும் தருவார்கள். ஆகவே மனுவிலேயே காலத்தைக் கேட்டு எழுதச் சொல்லுங்கள்.

வராமலே இருந்துவிட்டால் வழக்கு அப்படியே கிடக்கும் என்ற எண்ணமும் இப்போது பழையதாகிவிட்டது. புதிய சட்டத்தின் 356ஆவது பிரிவு, பிரகடனப்படுத்தப்பட்ட குற்றவாளி இல்லாமலேயே விசாரணை நடத்தித் தீர்ப்பும் தண்டனையும் வழங்க இடம் தருகிறது. முப்பது நாள் இடைவெளியில் இரண்டு பிடியாணைகள், நாளிதழ் விளம்பரம், உறவினருக்குத் தகவல், வீட்டில் அறிவிப்பு, குற்றச்சாட்டு வனைந்து 90 நாள் காத்திருப்பு எனப் படிகள் பல உண்டு. அவற்றைத் தாண்டிவிட்டால், அவருக்காக அரசு செலவில் ஒரு வழக்கறிஞர் நிற்பார், சாட்சிகள் விசாரிக்கப்படுவார்கள், தீர்ப்பு வரும். தண்டனையை எதிர்த்து மேல்முறையீடு செய்ய வேண்டுமானால் அவர் நேரில் வந்து நிற்க வேண்டும். தீர்ப்பு வந்து மூன்று ஆண்டு கடந்துவிட்டால் மேல்முறையீடே இல்லை. ஒருவரின் தரப்பைக் கேளாமல் தீர்ப்பளிப்பது சரிதானா என்று சட்ட அறிஞர்கள் வாதிடுகிறார்கள். என் மனமும் அந்தக் கேள்வியின் பக்கமே சாய்கிறது. ஆயினும் இன்று சட்டம் அதுதான்.

ஜாமீனில் வந்தபின் போவது

முன்ஜாமீன் கொடுக்கும்போது, அனுமதியின்றி இந்தியாவை விட்டுப் போகக்கூடாது என்ற நிபந்தனையை நீதிமன்றம் விதிக்கலாம். மாவட்டத்தை விட்டுப் போகக்கூடாது, தினமும் காலையில் காவல் நிலையத்தில் கையெழுத்திட வேண்டும் என்றும் வரும். அதை மீறி எல்லை தாண்டினால் ஜாமீன் ரத்தாகலாம். நீதிமன்றம் குறித்த நாளில் வராவிட்டால் அதுவே ஓராண்டு வரை சிறைக்குரிய தனிக் குற்றம். எல்லாவற்றுக்கும் மேலாக, நம்மை நம்பித் தம் சொத்து ஆவணத்தைக் காட்டிக் கையெழுத்திட்ட ஜாமீன்தாரரிடமிருந்து பிணைத்தொகை வசூலிக்கப்படும். அவர் நம் மச்சானாகவோ பக்கத்து வீட்டுக்காரராகவோ இருப்பார். அமானிதம் என்று நாம் பிள்ளைகளுக்குச் சொல்லித் தரும் சொல்லுக்கு இதைவிடத் தெளிவான உதாரணம் தேட வேண்டியதில்லை.

நிபந்தனை கடுமையாக இருந்தால் தளர்த்தும்படி மனுச் செய்யலாம். வேலை ஒப்பந்தம், போகும் இடம், திரும்பும் நாள் ஆகியவற்றைக் காட்டி வெளிநாடு செல்லவும் அனுமதி கேட்கலாம். நீதிமன்றங்கள் கொடுத்துத்தான் வருகின்றன. குற்றஞ்சாட்டப்பட்டவர் எங்கே நடமாடுகிறார் என்பதைச் செல்பேசி வரைபடத்தின் மூலம் சதா காட்டிக்கொண்டிருக்க வேண்டும் என்ற நிபந்தனை செல்லாது என்று 2024 ஜூலையில் உச்சநீதிமன்றம் தள்ளியது.

ஏற்கெனவே வேறு மாநிலத்தில் இருப்பவருக்கும் ஒரு வழி உண்டு. தாம் வசிக்கும் ஊரின் அமர்வு நீதிமன்றத்தையோ உயர்நீதிமன்றத்தையோ அணுகி, வழக்குப் பதிவான மாநிலத்து நீதிமன்றத்துக்குச் சென்று சேரும் வரை குறுகிய காலப் பாதுகாப்புக் கேட்கலாம் என்று 2023 நவம்பர் 20 அன்று உச்சநீதிமன்றம் தீர்ப்பளித்தது. அந்த ஊரில் குடியிருப்போ தொழிலோ இருக்க வேண்டும். சலுகைக்காக அங்கே ஓடிப்போய் மனுப் போட முடியாது. வெளிநாட்டில் இருந்தபடியே முன்ஜாமீன் கேட்கலாமா என்பதில் உயர்நீதிமன்றங்களின் கருத்து ஒன்றுபோல் இல்லை. உரிய வழக்கறிஞரைக் கேட்டே செய்ய வேண்டும்.

தவிர்க்க முடியாமல் வெளியூர் போக நேர்ந்தால், புறப்படுமுன் விசாரணை அதிகாரிக்கு ஒரு கடிதம் எழுதுங்கள். எங்கே, எதற்காக, எத்தனை நாள், தங்கும் முகவரி, தொலைபேசி எண், அழைத்தால் வந்துவிடுவேன் என்ற உறுதி. இவ்வளவு போதும். நேரில் கொடுத்தால் நகலில் ஒப்புதல் கையெழுத்தும் தேதியும் வாங்குங்கள்; கொடுக்க மறுத்தால் ஒப்புகையோடு விரைவுத் தபாலில் அனுப்புங்கள். பின்னாளில் "தலைமறைவாகிவிட்டார்" என்று எவரேனும் எழுதினால், அந்த நகல் ஒன்றே நூறு வாதங்களுக்குச் சமம்.

வழக்கறிஞருக்குக் கொடுக்கப் பணமில்லை என்று தயங்கும் தாய்மார்களுக்கு ஒரு வார்த்தை. 1987ஆம் ஆண்டுச் சட்டப்பணிகள் ஆணையச் சட்டத்தின்படி பெண்களுக்கும் காவலில் இருப்பவர்களுக்கும் வருமானம் எவ்வளவு என்று பாராமல் இலவசச் சட்ட உதவி உண்டு. மாவட்ட நீதிமன்ற வளாகத்தில் அந்த அலுவலகம் இருக்கும். 15100 என்ற எண்ணிலும் கேட்கலாம். போகும்போது வந்த காகிதங்கள் அனைத்தையும், அவை வந்து சேர்ந்த உறையோடு சேர்த்தே எடுத்துச் செல்லுங்கள். உறையில் இருக்கும் அஞ்சல் முத்திரைத் தேதியும் தேவைப்படும்.